‘ஆமாம் ஐயா’ என்ற அந்த மனிதர்

பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்பானிய எழுத்தாளர் ஹொசே கதால்ஸோவின் ‘மொராக்கோ கடிதங்கள்’ பற்றி எந்த இலக்கிய வரலாற்றைப் புரட்டினாலும் முதல் வரியிலேயே பிரெஞ்சு எழுத்தாளர் மாண்டெஸ்கியூ வந்து உட்கார்ந்துவிடுகிறார். 1721-இல் அவர் ‘பாரசீகக் கடிதங்கள்’ எழுதினார். பாரிஸுக்கு வந்த பாரசீகர்கள் பிரான்ஸைப் பார்த்து வியந்து ஊருக்குக் கடிதம் போடுவதுபோன்ற நூல். அரை நூற்றாண்டு கழித்து கதால்ஸோ ஒரு மொராக்கோக்காரரை ஸ்பெயினுக்கு அழைத்து வந்து அதையே செய்தார். அவ்வளவுதான், போலி என்று ஆளை ஓரங்கட்டியாகிவிட்டது. அண்மையில் ஒரு நண்பரிடம் இந்த நூலைப் பற்றி ஆர்வமாகப் பேசிக்கொண்டிருந்தபோது அவரும் இதையே சொன்னார். கூடவே கொசுறாக இன்னொன்றும் சொன்னார்: “அந்த ஆள் மொராக்கோவிலிருந்து வந்தவன் என்று பெயர்தான். வாயைத் திறந்தால் ஸ்பெயினின் காஸ்டில்காரன் மாதிரியே பேசுகிறான்.”

எனக்கு அன்று பதில் வரவில்லை. சொன்னது பொய்யாக இருந்தால் மறுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அது உண்மை. கஸேல் பென் அலி என்ற அந்த மொராக்கோ இளைஞருக்கு மொராக்கோ பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாண்டெஸ்கியூவின் முக்கியப் பாரசீகரான உஸ்பெக்குக்கு ஊரில் ஓர் அந்தப்புரம் இருக்கிறது, அங்கே மனைவிகள், காவலர்கள், சதி, கடைசியில் ஒரு தற்கொலை. பாரிஸைக் கிண்டல் செய்யும் அதே ஆள் தன் வீட்டில் கொடுங்கோலனாக இருப்பது அந்த நூலின் முதுகெலும்பு. கஸேலுக்கு அப்படி எதுவும் இல்லை. போகிறார், பார்க்கிறார், எழுதுகிறார். 90 கடிதங்களில் கதை என்று சொல்லத் தக்கது ஒன்றுமே நடப்பதில்லை. இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும், எனக்கு ஏன் ‘பாரசீகக் கடித’ங்களைவிட இந்த நூல்தான் மனதில் தங்கியிருக்கிறது என்பது பிடிபடாமலே உறுத்திக்கொண்டிருந்தது.

போலி என்று சொல்பவர்கள் ஒன்றைச் சுலபமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மாண்டெஸ்கியூவின் நூலில் 78-ஆம் கடிதம் ஸ்பானியர்களையும் போர்த்துகீசியர்களையும் பற்றியது. ஸ்பெயினில் காலே வைக்காமல் எழுதிய பகுதி அது. அவர்களுடைய கம்பீரமெல்லாம் மூக்குக்கண்ணாடியிலும் மீசையிலும் இருக்கிறதாம். தளபதி ஜுவாங் தெ காஸ்ட்ரோ இந்தியாவில் பணமுடை வந்தபோது தன் மீசையில் ஒரு பக்கத்தைக் கத்தரித்து, அதை அடமானமாக வைத்து கோவா மக்களிடம் 20,000 பிஸ்தோல் பொற்காசு கேட்டாராம். நாற்காலியில் உட்கார்ந்துதான் அங்கே பிரபுத்துவம் சம்பாதிக்கிறார்கள், ஆகவே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உட்காருபவனுக்கு ஐந்து மணி நேரம் உட்காருபவனைவிட இரட்டிப்பு மரியாதை. தங்கள் நாட்டிலேயே சூரியன் உதித்து மறைகிறது என்று பீற்றிக்கொள்கிறார்கள், ஆனால் அந்தச் சூரியன் போகிற வழியெல்லாம் பார்ப்பது பாழ் நிலத்தைத்தான். அவர்களுடைய நூல்களில் உருப்படியானது ஒன்றே ஒன்று, மற்ற எல்லா நூல்களையும் கேலி செய்த அந்த ஒன்று. டான் கிஹோட்டேயைத்தான் சொல்கிறார்.

சிரிப்பு வருகிறது, மறுக்கவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் நன்றாகவே சிரித்தார்கள். கதால்ஸோவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஒரு கடிதத்துக்கு மறுப்பாகவே தனியாக ஒரு சிறு நூல் எழுதினார். மாண்டெஸ்கியூ சொன்னதை வரிவரியாக எடுத்து வைத்துப் பதில் சொல்லும் நூல். அது அவர் காலத்தில் அச்சாகவில்லை, இருபதாம் நூற்றாண்டில்தான் வெளிவந்தது. ‘மொராக்கோ கடிதங்கள்’ அந்தக் கோபம் ஆறிய பிறகு வந்த நூல் என்றே எனக்குத் தோன்றுகிறது. மீசைக்காகச் சண்டை போட்ட அதே மனிதர், வெளியாள் சொன்னதில் பாதி நிஜம் என்று தெரிந்தபோது, அதை வீட்டுக்குள் வைத்து எப்படிப் பேசுவது என்று யோசித்து எழுதியது.

அந்நியர் யார்?

நிஜமான மொராக்கோக்காரர் ஒருவர் இருந்தார். 1766-இல் சுல்தானின் தூதராக அகமது அல் கஸ்ஸால் ஸ்பெயினுக்கு வந்தார். மறு ஆண்டு சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. கதால்ஸோவின் கதாபாத்திரத்தின் பெயர் அங்கிருந்து வந்ததுதான். அந்தத் தூதரின் பரிவாரத்தோடு வந்து, அவர் போன பிறகும் நாட்டைச் சுற்றிப் பார்ப்பதற்காகத் தங்கிவிட்டவர் என்றே நூலில் கஸேல் அறிமுகமாகிறார். சுவாரஸ்யம் என்னவென்றால் அந்த நிஜத் தூதரும் தன் பயணத்தைப் பற்றி அரபியில் ஒரு நூல் எழுதியிருக்கிறார். அவர் வந்தது சிறைப்பட்ட முஸ்லிம்களை மீட்கவும் பேச்சுவார்த்தை நடத்தவும். போகிற வழியில் கோர்டோபாவின் பழைய பெரிய பள்ளிவாசலையும் கிரானடாவையும் பார்க்கிறார். ஒரு காலத்தில் தம்மவர்களுடையதாக இருந்த இடங்கள். அந்தக் கண்ணோட்டத்தில் ஒரு துளிகூடக் கதால்ஸோவின் கஸேலிடம் இல்லை. நிஜமான அந்நியரின் பார்வை வேண்டும் என்பவர்கள் அல் கஸ்ஸாலைத்தான் படிக்க வேண்டும்.

அப்படியானால் கஸேல் யார்? இதற்கு விடை கதால்ஸோவின் வாழ்க்கைக் குறிப்புகளில் கிடைத்தது என்று நினைக்கிறேன். 1741-இல் காதிஸில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் இறந்துவிட்டார். தந்தை அமெரிக்கக் காலனிகளில் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். மகன் அவரை முதன்முதலாகப் பார்த்ததே பன்னிரண்டு பதின்மூன்று வயதில்தான். பையன் பாரிஸில் இயேசு சபையினரின் பள்ளியில் படித்தான், இங்கிலாந்திலும் இருந்தான். திரும்பி வந்தபோது எப்படி இருந்தது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். சொந்த நாடு என்று பெயர், ஆனால் முற்றிலும் அந்நியமான ஒரு நாட்டுக்குள் நுழைந்தேன் என்கிறார். மொழி, பழக்கவழக்கம், உடை எல்லாமே புதிது. பிரெஞ்சுக்காரனின் கட்டுக்கடங்காத்தனமும் ஆங்கிலேயனின் முரட்டுத்தனமும் சேர்ந்த பையனாகத் திரும்பி வந்தேன் என்கிறார்.

இதைப் படித்த பிறகு என் நண்பரின் குற்றச்சாட்டு எனக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. கஸேல் ஸ்பானியர் மாதிரிப் பேசுகிறார் என்பது குறைதான். ஆனால் அந்நியராக வந்து ஸ்பெயினைப் பார்த்து விழித்தவரே ஒரு ஸ்பானியர் என்றால், அந்தக் குரல் வேறு எப்படி இருக்கும்? மாண்டெஸ்கியூவுக்குப் பாரசீகர்கள் தேவைப்பட்டார்கள், கதால்ஸோவுக்கு மொராக்கோக்காரர் ஓர் அனுமதிச் சீட்டு, அவ்வளவே. அதோடு அவர் அந்த இடத்தில் தனியாகவும் நிற்கவில்லை. பக்கத்தில் நூன்யோ என்று ஒரு ஸ்பானியரை நிறுத்தினார். நிறையப் படித்தவர், உலகம் பார்த்தவர், பதவிகளிலிருந்து விலகி இருப்பவர். கஸேல் கேட்கிறார், நூன்யோ விளக்குகிறார், சில சமயம் தட்டி வைக்கிறார், சில சமயம் கஸேலைவிடக் கடுமையாகப் போகிறார். மூன்றாவதாக மொராக்கோவில் பென் பெலே என்ற முதியவர், கஸேலின் குரு. (இவர் பெரும்பாலும் ஒழுக்கத்தைப் பற்றியே எழுதுகிறார். உண்மையைச் சொன்னால், இவருடைய கடிதங்களில் எனக்குக் கண் சொக்கும்.) பாரசீகர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நூலில் பிரெஞ்சுக்காரர்கள் பார்க்கப்படும் பொருள் மட்டுமே. இங்கே பார்க்கப்படுபவனும் பேச்சில் ஒரு பங்காளி. அதனால் நையாண்டியின் சூடு வேறு பக்கம் போகிறது.

ஏழாம் கடிதம்

எங்கே போகிறது என்பதற்கு ஏழாம் கடிதம் போதும். நூலில் புகழ்பெற்றது இதுவும், நூன்யோவின் தங்கை பிரெஞ்சு கலந்து எழுதிய அந்த வேடிக்கைக் கடிதம் இடம்பெறும் முப்பத்தைந்தாம் கடிதமும்தான். தங்கையின் கடிதத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், நான் அதை விட்டுவிடுகிறேன்.

காதிஸ் பக்கம் போய்க்கொண்டிருந்த நூன்யோ காட்டுக்குள் வழி தவறிவிடுகிறார். பொழுது சாய்கிறது. அப்போது ஓர் இளைஞன் எதிர்ப்படுகிறான். இருபத்திரண்டு வயது இருக்கும். அருமையான குதிரை, இடுப்பில் அழகான இரண்டு துப்பாக்கிகள், டஜன் டஜனாக வெள்ளிப் பொத்தான்கள் தைத்த மான்தோல் சட்டை, வெள்ளை வலைக்குள் அடக்கிய தலைமுடி, கழுத்தில் ஊதா நிறப் பட்டுக் கைக்குட்டை. வழி கேட்டால், அந்த இடம் தூரம், இருட்டிவிட்டது, இடி இடிக்கப் போகிறது, காடும் பத்திரமில்லை, உங்கள் குதிரையும் களைத்திருக்கிறது, பக்கத்தில் என் தாத்தாவின் பண்ணை இருக்கிறது, வந்து தங்கிவிட்டுப் போங்கள் என்கிறான். மறுக்க முடியாத அன்போடு சொல்கிறான். இதைக் கவனிக்க வேண்டும்: கதால்ஸோ அவனைக் கேவலமாகக் காட்டவில்லை. நல்ல குரல், நல்ல நடத்தை, இயல்பான அறிவு, தாராள மனது. எல்லாம் இருக்கிறது. வழியில் பேச்சுக் கொடுத்துப் பார்த்தால்தான், தலைக்குள் எதுவும் போடப்படவில்லை என்பது தெரிகிறது. ஒரு பாட்டுக்கதை படிக்கத் தெரியும், கிதாரில் ‘போலோ’ என்ற பாட்டு வாசிக்கத் தெரியும், ஒரு கனவானுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்கிறான். ஆழமாகப் படிக்கவைக்கப் பார்த்த வாத்தியாருக்கு நேர்ந்த கதியையும் பெருமையாகவே சொல்கிறான்.

பண்ணையில் வேட்டைக்குக் கூடிய சொந்தக்காரர்கள், நண்பர்கள், ஜிப்ஸிப் பெண்கள், சீட்டு, ஆட்டம், பாட்டு. அந்தக் கூட்டத்தின் நடுநாயகம் கிரெகோரியோ மாமா என்ற ஆள். கரகரத்த குரல், நீண்ட கிருதா, உருண்டு திரண்ட தொந்தி, வாய்க்கு வாய் சத்தியம். சுருட்டுகளைச் சுருட்டி, தன் வாயிலேயே பற்றவைத்து, சின்னப் பிரபுக்களின் கையில் கொடுப்பது அவர் வேலை. விளக்குத் திரியைத் தூண்டிவிடுவது, ஒவ்வொரு ஜிப்ஸிப் பெண்ணின் பெயரையும் சிறப்பையும் அறிவிப்பது, தம்மை ஆதரிக்கும் பிரபு ஆட எழுந்தால் கைதட்டித் தாளம் போடுவது, அரைக் குடம் அரைக் குடமாக மது குடித்து அவர்களை வாழ்த்துவது, இவையும்தான். யார் இவர் என்று நூன்யோ கேட்கிறார். ஊர்க் கசாப்புக்காரர், எங்களோடு சாப்பிடுவார், புகைப்பார், சீட்டாடுவார் என்கிறான் பையன். அவரை யார் கூட்டிப்போவது என்பதில் தனக்கும் கிரானடாவுக்குக் கிளம்பிய ஒன்றுவிட்ட சகோதரனுக்கும் வாளை உருவும் அளவுக்குத் தகராறு வந்ததாம். நல்லவேளை, அந்தச் சமயம் பார்த்து மாமாவே ஏதோ சில்லறைக் கத்திக்குத்து விவகாரத்தில் உள்ளே போய்விட்டார். ஒரு மாதச் சிறையோடு விஷயம் முடிந்தது.

இதுவரை படிக்கும்போது நமக்குச் சிரிப்பு. கதால்ஸோவுக்கு நகைச்சுவை கை வந்த கலை. 1772-இல் வந்த ‘வயலட் மணக்கும் பண்டிதர்கள்’ என்ற அவருடைய இன்னொரு நூல், ஏழே நாளில் சகல சாஸ்திரங்களையும் கற்றுத் தரும் பேராசிரியரைப் பற்றியது. அவர் உயிரோடு இருந்தபோது நன்றாக விற்ற நூல் அதுதான். ஆனால் இந்தக் கடிதம் கடைசிப் பத்தியில் வேறு திசைக்குத் திரும்புகிறது. நூன்யோவுக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. சுருட்டுப் புகை, மாமாவின் கூச்சல், சுருதி சேராத கிதார், யார் வாசிப்பது என்று ஜிப்ஸிப் பெண்கள் போடும் சண்டை, நாய்கள் குரைப்பு. கிளம்பும் நேரம் வந்ததும் குதிரையில் ஏறிக்கொண்டே தனக்குத்தானே மெதுவாகச் சொல்லிக்கொள்கிறார்: இவ்வளவு திறமை இருக்கிறது, அதற்கேற்ற கல்வி மட்டும் இருந்தால் எவ்வளவு பயன்படக்கூடிய இளைஞர்கள், அவர்களை இப்படியா வளர்ப்பது? அது பக்கத்தில் நின்ற ஒருவர் காதில் விழுகிறது. அந்த வாழ்க்கை பிடிக்காதவர் போலத் தெரியும், சற்று இறுக்கமான முகமுள்ள மனிதர். கண்ணில் நீரோடு அவர் சொல்கிறார்: “ஆமாம் ஐயா.”

அதோடு கடிதம் முடிகிறது. அந்த மனிதர் யார் என்று சொல்லப்படவில்லை. பையனின் உறவினராக இருக்கலாம், பண்ணையில் வேலை பார்ப்பவராக இருக்கலாம். இரவு முழுக்க அங்கேதான் இருந்திருக்கிறார். எல்லாம் தெரிந்திருக்கிறது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. வெளியிலிருந்து வந்த ஒருவர் முணுமுணுத்த பிறகுதான் இரண்டு சொல் சொல்கிறார். சொன்ன பிறகும் அங்கேயேதான் இருக்கப் போகிறார், நூன்யோதான் குதிரை ஏறிப் போகிறார். எனக்கு இந்த நூல் முழுக்க இந்த மனிதருக்காக எழுதப்பட்டதாகவே படுகிறது. மாண்டெஸ்கியூ பாரிஸைப் பார்த்துச் சிரிக்கும்போது வாசகரும் மேலே ஏறி நின்று சேர்ந்து சிரிக்கிறார். இங்கே சிரித்துக்கொண்டே வந்த வாசகரின் பக்கத்தில் ஓர் ஆளை அழவைத்து நிறுத்துகிறார் கதால்ஸோ. அப்புறம் எந்தப் பக்கம் நின்று சிரிப்பது?

இந்தப் புரிதலோடு போனால் முப்பத்தெட்டாம் கடிதத்தில் வரும், இதால்கோ எனப்படும் கிராமத்துச் சிறு பிரபுவும் வெறும் கேலிச்சித்திரமாகத் தெரிவதில்லை. நைந்த மேலங்கியைப் போர்த்திக்கொண்டு தன் ஏழை ஊரின் சதுக்கத்தில் ராஜநடை போடுகிறார். பாதி இடிந்த வீட்டின் வாசலுக்கு மேலே இருக்கும் குலச்சின்னத்தைப் பார்த்து, தன்னை இன்னாராகப் படைத்த இறைவனுக்கு நன்றி சொல்கிறார். விடுதிக்கு வந்தவர் மாகாணத் தளபதியாகவே இருந்தாலும் தொப்பியை எடுக்கமாட்டார். அதிகபட்சம், அந்த ஆள் பேர் சொல்லும் குடும்பமா, குலச்சின்னம் என்ன என்று விசாரிப்பார். பதின்மூன்றாம் கடிதத்தில் பரம்பரைப் பிரபுத்துவத்துக்கு ஒரு விளக்கம் வருகிறது: நான் பிறப்பதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னால் என் பெயரிலேயே ஒருவர் செத்துப்போனார், அவர் உருப்படியான மனிதர், நான் எதற்கும் லாயக்கில்லாதவனாக இருந்தாலும் அதை வைத்து நான் அடிக்கும் தம்பட்டம்தான் அது. எழுதியவர் பிரபுக்களுக்கான சாந்தியாகோ வீரர் குழுவின் உடை அணிந்தவர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த மரியாதையை அவரே 1766-இல் வாங்கினார்.

சொல்லாமல் விட்டது

சரி, எல்லாவற்றையும் புகழ்ந்துவிட்டுப் போக மனசில்லை. முன்னுரையிலேயே கதால்ஸோ கையைத் தூக்கிவிடுகிறார்: இந்தக் கடிதங்களில் மதமும் இல்லை, அரசும் இல்லை. 1766 மார்ச்சில் நீண்ட மேலங்கிக்கும் அகன்ற தொப்பிக்கும் தடை வந்ததற்காக மாட்ரிட் கலவரத்தில் எரிந்தது. மறு ஆண்டு மன்னர் மூன்றாம் கார்லோஸ் இயேசு சபையினரை நாட்டைவிட்டே துரத்தினார். மத விசாரணை மன்றமான இன்குவிசிஷன் அப்போதும் உயிரோடுதான் இருந்தது. ஸ்பெயினைப் பற்றிய சமூக விமர்சனம் என்றதும் நாம் எதிர்பார்ப்பது இவற்றைத்தான், நூல் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. தயக்கம் எனக்குப் புரிகிறது. 1768-இல் மாட்ரிட் சீமாட்டிகளின் காதல் விவகாரங்களைக் கிண்டல் செய்து ஒரு துண்டுப் பிரசுரம் சுற்றியபோது, அதை எழுதியவர் இவர்தான் என்று சரகோசாவுக்குத் துரத்தப்பட்டார். அதற்கே அவ்வளவு என்றால்...

ஆனால் ஒன்பதாம் கடிதத்தை அவ்வளவு சுலபமாக விட முடியவில்லை. அது மெக்சிகோவை வென்ற கோர்தேஸுக்கு நீண்ட வக்காலத்து. அதன் தொடக்கத்தில் ஒரு கூர்மையான பத்தி வருகிறது. அமெரிக்காவில் ஸ்பானியர்கள் செய்த கொடுமையைப் பற்றி உரக்கக் கூவும் அதே நாட்டார்கள்தான் ஆப்பிரிக்கக் கரைகளுக்குப் போய் ஆண்களையும் பெண்களையும் விலைக்கு வாங்குகிறார்கள், வாங்குபவர் வெள்ளை, வாங்கப்படுபவர் கறுப்பு என்பதைத் தவிர வேறெந்த உரிமையும் இல்லாமல். மிருகங்களைப் போலக் கப்பலில் ஏற்றி, பசியும் தாகமுமாக ஆயிரம் காதம் கொண்டுபோய்ச் சந்தையில் விற்கிறார்கள். அந்த ஆண்டுகளில் இதை இவ்வளவு நேராக எழுதியவர்கள் குறைவு. ஆனால் அந்தக் கப்பல்கள் இறக்கிய மனிதர்களை விலைக்கு வாங்கியவர்களில் ஸ்பானியக் குடியேற்றங்களும் உண்டு. எதிராளியின் பாவத்தைக் காட்டித் தன் வீட்டுக் கணக்கைக் கழித்துவிடும் சாமர்த்தியம் இது. நூலில் வேறு எங்கும் நூன்யோ சொன்னால் கஸேலோ, கஸேல் சொன்னால் நூன்யோவோ ஒரு கேள்வி கேட்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. இங்கே மூன்று குரல்களும் ஒன்றாகிவிடுகின்றன. கஸேல் நிஜமாகவே மொராக்கோக்காரராக இருந்திருந்தால் இந்த இடத்தில் வாயைத் திறந்திருப்பார். என் நண்பரின் குற்றச்சாட்டு நூலைக் காயப்படுத்துவது இங்கேதான்.

நூலின் விதி வேடிக்கையானது. 1774-இல் கதால்ஸோ காஸ்டில் கவுன்சிலிடம் அச்சிட அனுமதி கேட்டார். கையெழுத்துப் பிரதி ஸ்பானிய அகாதமியின் பார்வைக்குப் போனது, எதிர்ப்பில்லை. ஆனால் அச்சாகவில்லை. அதே ஆண்டின் கடைசியில் மொராக்கோ சுல்தான் சமாதானத்தை முறித்துக்கொண்டு, வட ஆப்பிரிக்காவில் ஸ்பெயின் வசமிருந்த மெலில்லாவை முற்றுகையிட்டார். ஒரு நல்ல மொராக்கோக்காரர் ஸ்பானிய நண்பரோடு அன்பாகப் பேசிக்கொண்டிருக்கும் நூலுக்கு அதைவிட மோசமான நேரம் அமைந்திருக்காது. கதால்ஸோ அப்புறம் அதை அச்சில் பார்க்கவே இல்லை. குதிரைப்படை அதிகாரியாக இருந்தவர், ஜிப்ரால்டர் முற்றுகையில் 1782 பிப்ரவரியில் எறிகுண்டின் சில் தலையில் பாய்ந்து இறந்தார். நாற்பது வயது. இன்றைக்கும் அவரைத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு, இறந்துபோன நடிகைக் காதலியின் உடலைத் தோண்டி எடுக்கப் போனவர் என்ற கட்டுக்கதைதான் தெரியும். அது அவருடைய வேறொரு நூலிலிருந்து முளைத்த கதை.

அவர் இறந்த அதே ஆண்டில் பாரிஸில் புதிய கலைக்களஞ்சியத்தின் ஒரு தொகுதி வெளிவந்தது. அதில் மாஸோன் தெ மோர்வில்யே என்பவர், ஐரோப்பா ஸ்பெயினுக்கு எதற்காகக் கடன்பட்டிருக்கிறது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்பது அவர் பதில். ஸ்பெயின் கொதித்தது. 1786-இல் ஹுவான் பாப்லோ ஃபோர்னர் அரசின் ஆதரவோடு தாய்நாட்டைப் போற்றி ஒரு நூல் எழுதினார். ‘எல் சென்சோர்’ இதழ் இந்தப் போற்றிப் பாடல்களையெல்லாம் பரிகசித்தது, 1787-இல் அது மூடப்பட்டது. இந்தக் கூச்சல் முழுவதும் நடந்தபோது ‘மொராக்கோ கடிதங்கள்’ கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. 1789 பிப்ரவரி முதல் ஜூலை வரை ‘கொர்ரேயோ தெ மாட்ரிட்’ இதழ் அதைத் தொடராகப் போட்டது, 1793-இல் புத்தகமானது. இரண்டுக்கும் இடையில், 1791-இல், பிரெஞ்சுப் புரட்சிக்குப் பயந்த அரசு தனியார் பத்திரிகைகளையே நிறுத்திவிட்டது. தொடராக வெளிவருவதற்குக் கிடைத்த இடைவெளி அவ்வளவுதான்.

நூலின் கடைசியில் பதிப்பாசிரியர் பெயரில் ஒரு குறிப்பு இருக்கிறது, அதையும் கதால்ஸோதான் எழுதினார். அச்சான அளவுக்கு இன்னொரு பங்கு கடிதங்கள் பிரதியில் உண்டாம். ஆனால் கையெழுத்து அவ்வளவு மோசம், யாராலும் படிக்க முடியாது, ஆகவே அவை வெளிவரப் போவதே இல்லை என்கிறார். மதம், அரசு, கப்பலில் வந்த மனிதர்கள் எல்லாம் அந்தப் பாதியில்தான் இருக்க வேண்டும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.